சேலைப் பின்னும் இரண்டு சீட்டுகளும்

முருகனை நம்பி வாழும் என் சொந்தங்களே, நான் அவசரக்காரி. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவின் வலது கை இன்னும் சரியாகவில்லை. சரியாகுமா என்றும் தெரியாது. ஆனாலும் என் பிரார்த்தனைக்குப் பதில் கிடைத்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

எங்கள் வீடு அந்தமானில், மாயாபந்தரில். அரசாங்க வேலைக்காக ராமநாதபுரத்திலிருந்து வந்த அப்பா இப்போது இல்லை. எனக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு சாயங்காலம் நிலம் லேசாக ஆடியது. படகுத்துறையில் நின்ற நான், கடல் உள்வாங்குவதைப் பார்த்துக் கத்திக்கொண்டே ஓடினேன். சுனாமியைக் கண்ணால் பார்த்த ஜனங்கள். தெருவே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடியது. ஒன்றும் வரவில்லை. தினமும் தண்ணீர் இறங்கும் நேரம்தான் அது. அன்றிலிருந்து எனக்குப் பெயர் 'சுனாமி'.

அதன் பிறகு எதைச் சொன்னாலும் வீட்டில் ஒரே கேள்வி: "நல்லா பாத்தியா?" கேஸ் வாசனை வருது என்றாலும் அதுதான், காய்ச்சல் அடிக்குது என்றாலும் அதுதான். நானும் சேர்ந்து சிரித்தேன். உள்ளே ஏதோ அணைந்துபோனது. பி.எஸ்சி. முடித்து, கான்ட்ராக்ட் டீச்சரும் ஆகிவிட்டேன். அப்போதும் போர்டில் நானே போட்ட கணக்கை, பிள்ளைகள் "சரி மிஸ்" என்றால்தான் நம்புவேன். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று முறை திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன்.

அப்போதுதான் சீட்டுப் பழக்கம் வந்தது. ஒரு சின்ன டப்பியில் இரண்டு சீட்டு. ஒன்றில் 'போ', இன்னொன்றில் 'நில்'. முருகன் படத்துக்கு முன்னால் கண்ணை மூடி ஒன்றை எடுப்பேன். கல்யாணப் பேச்சுக்கும் சீட்டு, குடை கொண்டுபோவதற்கும் சீட்டு. பக்தி என்று நினைத்தேன். இல்லை. என்னை நானே பார்க்கப் பயந்து அவன் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

போன தை மாதம். போர்ட் பிளேயர் மரைன் ஹில்லில் அத்தை வீட்டுக் கிரகப்பிரவேசம். நான், அம்மா, சித்தப்பா மூன்று பேரும் விடிகாலை பஸ்ஸில் கிளம்பினோம். கிளம்பும் முன் அம்மா சொன்னாள், "இந்தப் பின்ன குத்தி விடேன்டி." பிறந்ததிலிருந்து அம்மா யாரிடமும் சேலைப் பின் குத்தச் சொன்னதில்லை. ஏதோ சரியில்லை என்று பட்டது. கடிகாரம் பார்த்தேன். நாலே முக்கால்.

சொல்லவில்லை. சீட்டு எடுத்தேன். 'போ'.

பஸ்ஸில் அம்மாவின் பேச்சு குழறியது. "தூக்கக் கலக்கம்," என்றார் சித்தப்பா. மறுபடி டப்பியைத் திறந்தேன். 'போ'. காடு காடாக ஓடியது. நான் அந்த 'போ'வைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நாலு மணி நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்காது.

பாராடாங்கில் ஃபெர்ரிக்காக எல்லோரும் இறங்கினோம். டீக்கடையில் அம்மா கையிலிருந்து கிளாஸ் நழுவி விழுந்தது. அம்மா சிரித்தாள். பாதி முகம்தான் சிரித்தது.

"சித்தப்பா, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"என்னம்மா சுனாமி, வந்துருச்சா?" என்று சிரித்தார். "பஸ்ல வந்த அசதி. மரைன் ஹில் போய்ப் படுத்தா சரியாயிடும். நல்லா பாத்தியா நீ?"

கண்டக்டர் வேறு, "அரே தீதி, ஜல்தி! கான்வாய் நிகல் ஜாயேகா!" என்று, சீக்கிரம் ஏறச் சொல்லி ஹிந்தியில் கத்தினார். இந்தப் பஸ் போனால், காட்டு ரோட்டில் போலீஸ் காவலோடு வண்டிகளை வரிசையாக விடும் அடுத்த கான்வாய்வரை காத்திருக்க வேண்டும். விசேஷம் முடிந்துவிடும். மறுபடியும் பொய்யாகிவிட்டால்? ஆயுசுக்கும் இந்தப் பெயர்தான்.

கை தானாக டப்பிக்குப் போனது. எடுத்தேன். 'போ'.

சொந்தங்களே, அங்கேதான் உடைந்துபோனேன். சீட்டை மீறினால் முருகனையே மீறின மாதிரி ஆகிவிடுமே. கண்ணை மூடவில்லை. அம்மாவின் கோணிய வாயைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "அப்பனே, அடையாளம் வேண்டாம். நான் பார்த்ததை நம்புற தைரியம் மட்டும் குடு."

வானத்தில் ஒன்றும் நடக்கவில்லை. என் தொண்டையிலிருந்து குரல் வந்தது, அவ்வளவுதான். "நல்லா பாத்தேன் சித்தப்பா. பையை இறக்குங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இறக்கினார்.

பாராடாங் ஆஸ்பத்திரியில் இருந்த அரசாங்க டாக்டர், ஒரு பெங்காலிப் பெண், அம்மாவின் இரண்டு கையையும் தூக்கச் சொன்னாள். வலது கை கீழே வந்தது. பக்கவாதம் என்றாள். "எப்போ ஆரம்பிச்சது?" என்று ஹிந்தியில் கேட்டாள். பழைய நான் என்றால், தெரியல, இருக்கலாம் என்று இழுத்திருப்பேன். "நாலே முக்கால். சேலைப் பின் குத்தும்போது," என்றேன். அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். யாரும் திருப்பிக் கேட்கவில்லை. ஆம்புலன்ஸ் எங்களை ஏற்றிக்கொண்டு முதல் ஆளாக ஃபெர்ரி ஏறியது.

போர்ட் பிளேயரில் உயிரைப் பிடித்துக் கொடுத்தார்கள். "மரைன் ஹில்லில் படுக்க வைத்திருந்தால் கஷ்டம்தான்," என்றார் அங்கிருந்த டாக்டர். "காலையிலேயே காட்டியிருந்தால்..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்த முடியாத வாக்கியம் என் கூடவேதான் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்வதுதான் சாட்சி.

இன்னும் எனக்குப் பயம் வரும். முன்பு போல என்னை நானே திட்டிக்கொள்வதில்லை. விளக்கேற்றி உட்கார்ந்து, "சரி, என்ன பார்த்தே, சொல்லு," என்று என்னையே மெதுவாகக் கேட்கிறேன். அப்படி என்னை யாரும் கேட்டதில்லை. கேட்டால் பதில் வருகிறது. சீட்டு டப்பியில் இப்போது விபூதி இருக்கிறது. சித்தப்பா ஒருநாள் "என்னம்மா சு..." என்று தொடங்கி, வாயை மூடிக்கொண்டார்.

உங்களுக்கும் இப்படி ஒரு 'நல்லா பாத்தியா' உள்ளே உட்கார்ந்திருந்தால், அதை அவனிடம் கொண்டுபோங்கள். ஆனால் கண்ணைத் திறந்து கேளுங்கள். அந்தக் கண்ணைக் கொடுத்ததும் அவன்தானே.

தினமும் காலையில் அம்மா தானே பின் குத்தப் பார்க்கிறாள். விரல் வழுக்கும். நான் காத்திருப்பேன். நேற்று ஊசி கொக்கிக்குப் பக்கத்தில் வந்து, பின் விழுந்துவிட்டது. "விரல் மடங்குச்சும்மா, கொஞ்சம் கூடுதலா," என்றேன்.

அம்மா குழறலாகக் கேட்டாள், "நல்லா பாத்தியா?"

"பாத்தேன்மா."

அம்மா குனிந்து, பின்னை மறுபடி எடுத்தாள்.