அழகுமலைக்குத் தெரிந்த மாடிகள்

"கேபிள்" என்று ஒரே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அழகுமலை படியேறிவிடுவார். வீட்டுக்காரர்கள் டிவியிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. தோளில் கறுப்பு வயர் வளையம், இடுப்பில் கட்டிங் பிளேயர், சட்டைப்பையில் நான்காக மடித்த ஒரு தலையணை உறை. வயரும் பிளேயரும் தொழிலுக்கு. உறை பூனைக்கு.

மதுரை விளாங்குடிப் பக்கம் ஏழெட்டுத் தெருக்களுக்கு இருபத்தாறு வருடமாக அவர்தான் கேபிள்காரர். இப்போது இன்டர்நெட் இணைப்பும் அவரே கொடுக்கிறார். வயது ஐம்பத்து மூன்று. வாசலில் நின்று பேசும் மனிதர்களைவிட அவர்களுடைய மொட்டை மாடிகளை அவருக்கு நன்றாகத் தெரியும். யார் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இல்லை, யார் வீட்டில் வடகம் காய்கிறது, எந்த உடைந்த வாஷிங் மெஷினுக்குள் பூனை குட்டி போட்டிருக்கிறது என்று படுக்கையில் கிடந்தபடியே சொல்வார். அந்தக் கடைசி விஷயத்துக்காகத்தான் பூனைக் காப்புக் குழு ஆறு வருடத்துக்கு முன் அவரைத் தேடிப் போனது.

குழுவில் பதினான்கு பேர். தெருப் பூனைகளைக் கூண்டு வைத்துப் பிடித்து, கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே திரும்ப விடுகிறார்கள். தாயில்லாக் குட்டிகளுக்கு வீடு பார்க்கிறார்கள். நடத்துபவர் கனகலட்சுமி, பள்ளியில் வேதியியல் ஆசிரியை. கூண்டுகள் அவர் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் இருக்கும். புதிதாக வரும் ஆட்களுக்கு வேலை பிரிப்பது மட்டும் அழகுமலை. உதவ ஆசை என்று போன் செய்பவர்களிடம் அவர் கேட்பது ஒன்றுதான்: "ஒங்களுக்கு என்ன வராது, அத மொதல்ல சொல்லுங்க."

ராத்திரியில் தூக்கம் வராது என்ற ஓய்வுபெற்ற ரயில்வேக்காரருக்கு, இரண்டு மணிக்கொரு தரம் பால் புகட்டவேண்டிய மூன்று குட்டிகள் போயின. மாமியார் பூனையை வீட்டில் சேர்க்கமாட்டார் என்று வருந்திய முத்துமீனா, குட்டி கேட்டு வருபவர்களைப் போனில் குடைந்தெடுக்கும் வேலையில் இருக்கிறார். மாமியாரிடம் பழகிய பழக்கமோ என்னவோ, அவர் கேள்விக்குத் தப்பி யாரும் பொய் சொல்லிக் குட்டி வாங்கியதில்லை. நான்கு வார விடுப்பில் வெளிநாட்டிலிருந்து வந்திருந்த நான், பூனையைத் தொடவே பயம் என்றேன். தடுப்பூசி பற்றி மூன்று கேள்வியும் கேட்டேன். அழகுமலை மூன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, "துணி தொவைப்பீகள்ல?" என்றார்.

"துவைப்பேன்."

"அப்புறம் என்ன தம்பி. பாதிக் குழு நீங்கதேன்."

அவருக்குச் சொந்த ஊர் அலங்காநல்லூர்ப் பக்கம். "எங்கூருல காளையப் புடிச்சா பீரோ குடுப்பாக, பைக்கு குடுப்பாக. நான் பூனையில்ல புடிக்கிறேன். எனக்கு வீட்டுல வசவுதேன் பரிசு" என்பார். மனைவி செல்லக்கிளி அதை மறுப்பதில்லை. "மேல ஒட்டுன முடிய வாசல்ல விட்டுட்டு வாங்க. ரெண்டையும் சேத்து உள்ள விடமாட்டேன்" என்று பிரஷ்ஷைத் தூக்கிப் போடுவார்.

அழகுமலை பூனையைப் பார்க்கவே மாட்டார். மாடியில் பூனை தென்பட்டதும் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு வயரின் முனையைச் சீவத் தொடங்குவார். "நம்மள ஒருத்தன் மொறச்சுப் பாத்தா நமக்குக் கோவம் வருதுல்ல. அதுக்கு மட்டும் வராதா?" பத்து நிமிடத்தில் அது பின்னால் வந்து அவர் சட்டையை மோப்பம் பிடிக்கும். தரையில் விரித்த உறைக்குள் கருவாட்டு வாசனைக்காகத் தலையை நுழைக்கும். அதன் பிறகும் அவர் திரும்புவதில்லை. கை மட்டும் போய் உறையின் வாயைச் சுருட்டும்.

அந்தக் குழுவில் கூண்டுகளுக்குச் சீட்டு ஒட்டுவதில்லை. ஒட்டினால் பூனை நனைத்துவிடும், அல்லது கிழித்துவிடும். எந்தத் தெருவில் பிடிக்கிறார்களோ அந்தத் தெரு வீடொன்றில் வாங்கிய பழந்துணியைக் கூண்டின் மேல் போர்த்துவார்கள். நீலக் கட்டம் போட்ட லுங்கி என்றால் தபாலாபீஸ் தெரு. ரோஸ் போர்வை மூன்றாவது தெரு. மஞ்சள் சேலை கோயில் சந்து. துணியைப் பார்த்தால் போதும், திரும்ப விடவேண்டிய இடம் தெரிந்துவிடும். எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் எனக்கு யாரும் சொல்லவில்லை.

சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. விடியற்காலையில் மூன்று தெருக்காரர்களும் ஆளுக்கொரு கூண்டை வண்டியில் கனகலட்சுமி வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். துணிகளில் தாங்கமுடியாத நாற்றம். நான் மூன்றையும் உருவித் துவைத்தேன். சட்டென்று காய்ந்துவிட்டதால் கையில் கிடைத்த துணியைப் பக்கத்தில் இருந்த கூண்டில் போர்த்தினேன். ஓரம் இழுத்துச் சரிசெய்து அழகு பார்த்ததும் உண்டு. பிறகு கூண்டுகள் மருத்துவரிடம் போயின.

பன்னிரண்டரை மணிக்கு ஒன்று மட்டும் திரும்பி வந்தது. பால் கொடுக்கும் பூனை, அறுவை சிகிச்சை வேண்டாம், உடனே குட்டிகளிடம் விடுங்கள் என்று மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்தார். கனகலட்சுமி லுங்கியைப் பார்த்தார். "தபாலாபீஸ் தெரு. அண்ணே, கெளம்புங்க."

நான் துணி துவைத்த கதையைச் சொன்னேன்.

கனகலட்சுமி மூன்று தெருவுக்கும் போன் போட்டார். மூன்று இடத்திலும், "சாம்பக் கலருக்கா, உடம்புல கோடு இருக்கும்" என்றார்கள். தவறான தெருவில் விட்டால் மெயின் ரோட்டையும் நாய்களையும் தாண்டித்தான் தாய் போய்ச் சேரவேண்டும். குட்டிகள் ஏழு மணி நேரமாகப் பாலில்லாமல் கிடந்தன. வெளியே சிமெண்டுத் தரையில் செருப்பில்லாமல் கால் வைக்கமுடியாத வெயில்.

"வெளிநாட்டுல இருந்து வந்து டீச்சர் வீட்டு சோப்பு அம்புட்டையும் காலி பண்ணிட்டீகளே" என்றார் அழகுமலை. குரலில் கோபம் இல்லை. "விடுங்க. நாந்தேன் சொல்லியிருக்கணும்."

பிறகு, நான் அதுவரை பார்த்திராத ஒன்றைச் செய்தார். கூண்டின் முன் குந்தி, போனில் விளக்கைப் போட்டு, பூனையை நேருக்கு நேர் பார்த்தார். அது சீறியது. அவர் காதிலிருந்து கால்வரை மெதுவாகப் பார்த்துக்கொண்டே வந்து பின்னங்காலில் பார்வையை நிறுத்தினார். விரல்களுக்கு நடுவே முடியில் ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது.

"சூரியபிரகாஷ் வீட்டு மாடி" என்றார். "மூணாவது தெரு."

"எப்படிண்ணே சொல்றீங்க?"

"போன வாரம் வெக்க தாங்கலன்னு மாடித் தரைக்குப் பெயிண்டு அடிச்சாக டீச்சர். ரெண்டு நாளு வயரத் தூக்கிக் கட்டிக் குடுத்தது நாந்தேன்."

"ஊர்ல பாதி மாடி வெள்ளைப் பெயிண்டுதாண்ணே."

"இது வெள்ள இல்ல, நல்லாப் பாருங்க. லேசா நீலம். பழைய டப்பாவுல கலக்கிப்புட்டான் பெயிண்டரு. அந்த வீட்டம்மா அன்னைக்குப் பூரா அவன வஞ்சிருச்சு. தண்ணித் தொட்டிக்கு அடியில மட்டும் குனிய முடியலன்னு அடிக்காம விட்டான். குட்டிக அங்கதேன் இருக்கும்."

அவர் வண்டியில், கூண்டை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்தேன். பூனையைத் தொடவே பயந்தவன் நான் என்ற நினைவு வழியில் எங்கோதான் வந்தது. சூரியபிரகாஷ் வீட்டில் "கேபிள்" என்றார். படியேறினோம்.

மாடி வெளிர்நீலமாக, கண் கூச விரிந்து கிடந்தது. ஒரு சத்தமும் இல்லை. அழகுமலை கூண்டின் கதவைத் தூக்கிவிட்டு, வழக்கம்போல் முதுகைக் காட்டிக் கைப்பிடிச் சுவரின் நிழலில் உட்கார்ந்தார். என்னையும் திருப்பி உட்காரவைத்தார். பின்னால் நகங்கள் தரையில் உரசி ஓடின. தொட்டியின் அடியிலிருந்து, நூல் போல மெலிந்த கத்தல் ஒன்று கிளம்பியது. அதன்மேல் இன்னொன்று. பிறகு எது எதன் குரல் என்று எனக்குப் பிரியவில்லை.

அழகுமலை கண்ணை மூடிக் கேட்டார். முழங்கால் மேல், குட்டிக்கு ஒன்றாக நான்கு விரல்களை நீட்டினார்.

ஒரு குரல் பால் கண்டு அடங்கியது. ஒரு விரலை மடக்கினார். சற்றுப் பொறுத்து இன்னொன்று. பிறகு மூன்றாவது. சுண்டுவிரல் மட்டும் நெடுநேரம் நின்றது. நான் திரும்பிப் பார்க்கப் போனேன். அவருடைய மற்றக் கை என் தோளில் விழுந்து அழுத்தியது. வெயில் நிழலைத் தின்றுகொண்டே எங்கள் கால்விரல்வரை வந்தது.

அழகுமலை சுண்டுவிரலை மடக்கினார்.