குகராசாவின் ஆங்கிலப் பரீட்சை

பொன்னுத்துரையரின் மூத்த மகள் தவமலர் வாய் திறந்தால் வெட்டுத்தான். ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் அவளுடைய சின்னம்மாவின் மகன் குகராசா ஆங்கில வகுப்பு நடத்தினான். விடைத்தாள் திருத்துவது அவள் வேலை. 2006 கோடையில் சீனாவிலிருந்து பன்னிரண்டு பள்ளிப் பிள்ளைகள் வந்து பரீட்சை எழுதினார்கள். ஒரு ஜெர்மன் குடும்பம் இந்த ஊர் வழக்கப்படி மாலையில் அடுப்பு மூட்டாமல் பாண் ரொட்டியும் சீஸும் உண்கிறது என்பது வாசிப்புப் பகுதி. வீட்டார் எப்படி இருக்கிறார்கள் என்பது கேள்வி. பன்னிரண்டு பேரும் துக்கமாக இருக்கிறார்கள் என்றே எழுதியிருந்தார்கள். வந்த புதிதில் தவமலரும் அப்படித்தான் நினைத்தவள். எல்லோருக்கும் புள்ளி போட்டாள்.

குகராசா அந்தப் புள்ளிகளைச் சிவப்புப் பேனாவால் வெட்டினான். “பிழை அக்கா. சந்தோசமா இருக்கினம் எண்டதுதான் விடை. பார்த்தெழுதியிருக்கிறாங்கள். ஒருத்தருக்கும் சான்றிதழ் இல்லை.”

“அடுப்பு மூட்டாட்டில் செத்தவீடெண்டு அதுகள் நினைச்சிருக்குதுகள். கொம்மா செத்தண்டைக்கு எங்கட வீட்டுச் சோறுதானே திண்டனி? மறந்துபோச்சோ?”

“அம்மாவை ஏன் இழுக்கிறியள்? திருத்த வந்தனீங்களோ, சண்டைக்கு வந்தனீங்களோ?”

“அப்ப என்ர கையெழுத்து விழாது.”

திருத்தியவர் கையெழுத்தில்லாமல் சான்றிதழ் செல்லாது. பிள்ளைகளின் பஸ்ஸோ வாசலில் நின்றது. குகராசா பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டிய புள்ளிகளைத் திரும்பப் போட்டான். அவள் பன்னிரண்டிலும் கையெழுத்திட்டாள்.

“நாளையிலயிருந்து வராதேங்கோ.”

“நீ கெஞ்சினாலும் வரமாட்டன்” என்று கதவை அடித்துச் சாத்தினாள்.