முப்பத்தேழு டிகிரி

பேய் வர இருட்டு வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டாம். எனக்கு நடந்தது பட்டப்பகலில், மதியம் இரண்டு மணிக்கு மேல். என்னையும் சேர்த்து ஒன்பது பேர் அங்கே இருந்தோம். காது குத்துகிறான் என்று நினைத்தால் மற்ற எட்டுப் பேரில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லாமல் எழுந்து போய்விடுவார்கள்.

கப்பலேறும் மரத்தில் ஒளிந்திருக்கும் வண்டையும் புழுவையும் கொல்வதுதான் என் வேலை. முன்பெல்லாம் கட்டைகளை அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடி, உள்ளே விஷ வாயுவை விடுவோம். இப்போது வாங்குகிறவர்களே அந்த வாயு வேண்டாம் என்கிறார்கள். அதற்குப் பதிலாக வந்ததுதான் சூடு. லாரி நுழையும் அளவுக்கு ஒரு இரும்பு அறை. உள்ளே கட்டைகளை அடுக்கி அனல்காற்றை விட வேண்டும். கட்டையின் நடுப்பகுதி ஐம்பத்தாறு டிகிரிக்கு வந்து அரை மணி நேரம் நின்றால் புழு செத்தது என்று கணக்கு. அதைப் பார்க்க ஆறு கட்டைகளில் துளை போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சென்சார் சொருகி, வெள்ளைப் பட்டிப் பசை வைத்து அடைப்போம். ஒவ்வொரு வயரிலும் சென்சார் பக்கமாக எண் எழுதிய சீட்டு ஒட்டுவேன். வயர்கள் வெளியே இருக்கும் ஒரு பெட்டிக்கு வரும். ஆறு எண்களும் அதில் தெரியும்.

இந்தச் சூட்டறை வேண்டும் என்று கரடியாகக் கத்தியவன் நான். அன்றைக்கு முதல் லோடு. சாயங்காலம் அது கப்பலுக்குப் போகாவிட்டால் என் வேலை போய்விடும் என்று மேனேஜர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

மூக்கருக்கு என்னைக் கண்டாலே ஆகாது. இருபது வருடம் வாயு அடித்தவர். வாசனையே இல்லாத வாயுவை மோந்து பார்த்தே கண்டுபிடிப்பேன் என்று பீற்றிக்கொள்வார், அதனால் அந்தப் பெயர். நான் ஜெயித்தால் அவருக்கு அங்கே வேலையில்லை. காலையிலிருந்து அறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து என்னையே முறைத்துக்கொண்டிருந்தார். நானும் சளைக்காமல் முறைத்தேன்.

மணி 2.05. ஐந்து சென்சார்களும் 54 காட்டின. ஆறாவது, 37.

வயர் லூசாக இருக்கும் என்று கழற்றி மாட்டினேன். 37. பெட்டியில் வேறு துவாரத்தில் மாட்டினேன். 37. அறைக்குள் காற்றே 72 டிகிரி கொதிக்கிறது. ஒரு கட்டை மட்டும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை... அப்படியே நின்றது.

மூக்கர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"தம்பி, இது கட்டைச் சூடு இல்ல. ஆள் சூடு."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஆனாலும் கால் நிற்கவில்லை. அறையைச் சுற்றி வந்து ஆட்களை எண்ணினேன். ஒன்பது. மறுபடி எண்ணினேன். ஒன்பது. காலையில் வந்ததும் ஒன்பது பேர்தான்.

மணி 2.31.

டம்.

அறைக் கதவில். உட்பக்கத்திலிருந்து.

"சூட்டுல இரும்பு விரியுது" என்றேன். சொன்ன எனக்கே அதில் நம்பிக்கையில்லை.

டம்... டம்... டம்.

கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று அடி. என் தலை உயரத்தில். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் நகர்ந்தார்கள்.

"கதவைத் திற" என்றார் மூக்கர்.

"திறந்தா சூடெல்லாம் போயிடும். கப்பல் நமக்காக நிக்காது."

"உள்ள யாரோ இருக்கான்டா."

"ஒம்பது பேரும் இங்கதான் நிக்கிறோம். என்னைக் கவுக்கப் பாக்குறீங்க. எனக்குத் தெரியாதா?"

அவர் கதவில் தொங்கிய சாவிக்குக் கை நீட்டினார். நான் முந்திக்கொண்டு பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டேன். மேனேஜருக்குப் போன் அடித்தேன். "திறந்தா நேரா வீட்டுக்குப் போயிடு" என்று வைத்துவிட்டார்.

மணி 2.44. சத்தம் இப்போது இடுப்பு உயரத்தில் கேட்டது.

2.48. முழங்கால் உயரத்தில்.

2.50. தரையோடு தரையாக... நகத்தால் பிராண்டுவது போல.

சாவி பாக்கெட்டில் இருந்தது. நான் அசையவில்லை.

2.52.

நின்றுவிட்டது.

பெட்டியைப் பார்த்தேன்.

36.9.

மணி 3.10. 36.7.

3.40. 36.3.

எழுபத்திரண்டு டிகிரி சூட்டில்... ஒன்று மட்டும் ஆறிக்கொண்டிருந்தது.

மூக்கர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்.

4.10.

36.3... சட்டென்று 58. மற்ற ஐந்தும் அதே 58.

அதற்குப் பிறகு அரை மணி நேரம் ஒரு எண்ணும் பிசகவில்லை. லோடு பாஸ். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஐந்து மணிக்குக் கதவைத் திறந்தோம். அனல் முகத்தில் அடித்தது. உள்ளே யாரும் இல்லை. ஆறாவது கட்டையைத் தேடிப் போனேன். அதில் துளையே இல்லை. காலையில் என் கையால் போட்ட துளை. பட்டியும் இல்லை, சென்சாரும் இல்லை. வயர் மட்டும் கத்தியால் நறுக்கியது போலத் தரையில் கிடந்தது.

லோடு ஏறியது. கப்பலும் போயிற்று.

பன்னிரண்டு நாள் கழித்து, மரம் வாங்குகிற துறைமுகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நாங்கள் முன்பு அனுப்பிய ஒரு கன்டெய்னரில் ஆள் இறந்துவிட்டான். சரக்கு இறக்கும் கூலியாள். உள்ளே போனவன் பின்னால் காற்றில் கதவு சாத்திக்கொண்டதாம். தட்டியிருக்கிறான். வெளியே இயந்திரச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கட்டைகளுக்கு நடுவே விஷ வாயு தங்கியிருந்திருக்கிறது.

தேதி அதே தேதி. நம் கடிகாரத்துக்குக் கணக்குப் போட்டால் அவன் உள்ளே போனது மதியம் 2.05. வெளியே தூக்கியது 4.10.

அதுதான் நாங்கள் வாயு அடித்த கடைசி லோடு. இன்னும் ஒரு நாள் காற்றாட விட வேண்டும் என்று மூக்கர் தலைபாடாக அடித்துக்கொண்டார். இவர் வாயு வேலை எப்போதும் ஆமை வேலைதான் என்று எல்லார் முன்னாலும் நக்கலடித்துவிட்டு, அன்றைக்கே கட்டைகளைக் கன்டெய்னரில் ஏற்றிக் கதவைச் சாத்தினேன். வாயு முழுவதும் வெளியேறிவிட்டது என்ற காகிதத்தில் கையெழுத்துப் போட்டதும் நான்தான். அந்த ஆளைக் கொன்றது நான். இதை வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கடிதத்தோடு ஒரு போட்டோ இருந்தது. அவன் கிடந்த இடத்துக்குப் பக்கத்துக் கட்டை. அதில் ஒரு துளை, வெள்ளைப் பட்டி, நறுக்கிய வயர். இது எதற்காக வைக்கப்பட்டது என்று கேட்டிருக்கிறார்கள்.

வாயு அடிக்கும் கட்டையில் யாரும் துளை போடுவதில்லை. அந்தக் கன்டெய்னர் கிளம்பியபோது எங்களிடம் சென்சாரே கிடையாது.

போட்டோவில், வயரில் ஒட்டிய சீட்டு தெளிவாகத் தெரிகிறது. அதில் 6 என்று என் கையெழுத்தில் எழுதியிருக்கிறது.