கேமராவுக்கு முன்னால் பவுடர்

பித்தப்பை ஆபரேஷனுக்குப் பிறகு ரத்த அழுத்தம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்ததால், என் மனைவியை ஐ.சி.யூ.வில் வைத்திருந்தார்கள். பேச்சுக்கு மட்டும் குறைவில்லை. பிரேசர் டவுனில் காலமெல்லாம் டீச்சராக இருந்தவள். படுத்தபடியே நர்ஸுகளை அதட்டினாள்.

அவள் கட்டிலுக்கு மேலே ஒரு சின்ன கேமராவைப் பொருத்தினார்கள். அதைப் பார்த்துக்கொண்ட இன்ஜினியர் பெண் சேலத்துக்காரி.

“இது உங்களைத் தொடவே தொடாது ஆன்ட்டி. ஒவ்வொரு துடிப்புக்கும் முகத்துல கலர் துளியூண்டு மாறும். நம்ம கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். அதை வச்சே பல்ஸ் சொல்லிடும்” என்றாள். இன்னும் சோதனைதான், அதனால் வழக்கமான வயர்களும் இருக்கும் என்று சொல்லி எங்கள் சம்மதத்தையும் வாங்கிக்கொண்டாள்.

என் மனைவி காதில் விழுந்தது கேமராவும் முகமும்தான். மறுநாள் காலை நான் பார்க்கப் போனபோது மெல்லச் சொன்னாள்: “என்னங்க, சாயங்காலம் பவுடர் டப்பா எடுத்துட்டு வாங்க. இந்த மூஞ்சியோட கேமரா முன்னாடி எப்படிக் கிடக்கிறது?”

கொண்டுபோனேன். நர்ஸ் அந்தப் பக்கம் போன சமயம் பார்த்துப் பூசிவிட்டேன். பழக்கமில்லாத கை, கொஞ்சம் அதிகமாகவே அப்பிவிட்டது.

“போதுமா?”

“நெத்திக்கு இன்னும் கொஞ்சம்.”

சற்று நேரத்தில் இன்ஜினியர் பெண் ஓடிவந்தாள். வயர் போட்ட மானிட்டர் ஒழுங்காகத்தான் ஓடியது; கேமராவின் திரையில் மட்டும் பல்ஸ் காணோம். லென்ஸைத் துடைத்தாள், விளக்கைத் திருப்பினாள். கடைசியில்தான் முகத்தைப் பார்த்தாள்.

“ஆன்ட்டி, என்ன இது?”

“ஐ.சி.யூ.ல பவுடரா? யாரு குடுத்தாங்க?” என்று நர்ஸும் வந்துவிட்டார்.

“இவர்தான்” என்றாள் என் மனைவி, கொஞ்சமும் யோசிக்காமல்.

ஈரப் பஞ்சு என் கைக்கு வந்தது. கன்னம், நெற்றி எல்லாம் துடைத்துவிட்டுக் கையை எடுத்தேன். திரையில் எண் வந்தது. இரண்டு திரைகளும் ஏறக்குறைய ஒன்றையே காட்டின. முன்பிருந்ததைவிடச் சற்றுக் கூடுதலாக.

“அங்கிள் துடைச்சதும் பல்ஸ் ஏறிடுச்சே!” என்று அந்தப் பெண் சிரித்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை.

“தரை துடைக்கிற மாதிரி தேய்ச்சா ஏறாம என்ன பண்ணும்?” என்றாள் என் மனைவி.

அந்த வாரமே அழுத்தம் சீராகி, அவளை வார்டுக்கு மாற்றினார்கள். பார்க்க வந்த இன்ஜினியர் பெண், “முகத்துல எதுவும் பூசியிருக்கான்னு இனிமே முதல்லயே கேட்டுடுவோம் ஆன்ட்டி, உங்களாலதான்” என்றாள். சர்ச்சிலிருந்து வந்தவர்களிடமெல்லாம் என் மனைவி ஆபரேஷனை விட்டுவிட்டு இந்தக் கதையைத்தான் சொன்னாள். அதில் பவுடர் பூசச் சொன்னதும் நான்தான்.