வேகம் குறைந்த பிராசஸர்

பெங்களூரில் அனிமேஷன் வேலை பார்க்கும் என் பேத்தி, தீபாவளிக்கு வரும்போது வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்றாள். இன்று விருதுநகர் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் இரண்டு பிராசஸரைக் காட்டினார். "அது எட்டு கோர், இது பதினாறு கோர் ஆச்சி; கோர் கூடக்கூட வேகம் கூடும். ஒரு வார வேலையை ரெண்டே நாள்ல முடிச்சிரும்."

முடித்தால் மூன்றாம் நாளே பஸ் ஏறிவிடுவாளே! போன தீபாவளிக்கு வந்தவள், துவைத்த துணி காயும் முன்னே கிளம்பினாள்.

"எட்டு கோரே குடுங்க. அதை மாட்டுற மதர்போர்டு மட்டும் ஒசத்தியா இருக்கட்டும். பொறவு பெரிசை மாட்டிக்கிடலாம்ல?"

"தாராளமா மாட்டலாம் ஆச்சி."

பேத்தி போனில் கத்தினாள். "ஏன் ஆச்சி சின்னதை எடுத்தீக?"

"பெரிசு அம்புட்டுச் சூடாகுமாம் தாயி. பட்டாசு ஊர்க்காரி நான், அதை வீட்டுக்குள்ள விடுவேனா?"

"சரி, பொங்கலுக்கு வந்து நானே மாத்திக்கிறேன்."

பெரியதை வாங்கியிருந்தால் பொங்கலுக்கு வருவாளா? நீங்களே சொல்லுங்கள்.