டோமினிக்கின் நெஞ்சின் மேல் போட்ட பழி

வரதராசன்பேட்டை டோமினிக்கை இதய நோயாளி ஆக்கியது எந்த மருத்துவரும் இல்லை. ஒரு லாரி உரிமையாளரும் ஒரு மருந்துக் கடைக்காரரும்தான். கோபம் இல்லாமல் இதை எழுத முடியவில்லை. ஆகவே நடந்ததை நடந்த வரிசையிலேயே பதிவு செய்கிறேன்.

சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் டிப்பர் லாரியின் ஓட்டுநர் அவர். முதலாளி ராஜவேல், வயதில் இளையவர். சென்ற மழைக்காலத்தில் சக்கரம் கழற்றும்போது ஜாக்கி நழுவி, டோமினிக்கின் காலைக் கிழித்தது. ஆலைக்குப் போகும் ஒரு நடைகூடத் தவறக் கூடாது என்று ராஜவேல் அவசரப்படுத்தியதால், காயத்தைத் துணியால் கட்டிக்கொண்டு சேற்றிலேயே வேலை செய்தார்.

கால் வீங்கியது, காய்ச்சல் ஏறியது. ஒரு காலையில், மனைவி ஷாலினி மேரியையே யாரென்று கேட்டார். காயத்தின் கிருமி இரத்தத்தில் பரவி உறுப்புகளைத் தாக்குகிறது, சிறுநீரகம் தப்புவது கடினம் என்று திருச்சி மருத்துவமனையில் சொன்னார்கள். தப்பியது.

அங்கே எடுத்த இரத்தப் பரிசோதனையில், இதயம் சுரக்கும் ஒரு ஹார்மோன் இயல்பைவிடப் பன்மடங்கு கூடியிருந்தது. இதயம் தளரும்போது அது கூடும் என்பது உண்மை. கடும் கிருமித் தொற்றிலும் கூடும் என்பது அதே அளவு உண்மை. அது இரத்தக் குழாய்களைத் தளர்த்தும். உப்பும் நீரும் வெளியேறச் சிறுநீரகத்துக்கு உதவும். தொற்றுக்குள்ளான விலங்குகளுக்கு அதைச் செலுத்திய ஆய்வுகளில், நுரையீரலும் சிறுநீரகமும் குறைவாகவே சேதமடைந்தன. மனிதரிடம் இது இன்னும் உறுதியாகவில்லை. டோமினிக்கைக் காத்தது அதுதான் என்று எழுத எனக்கு உரிமை இல்லை. ஆனால் காக்கக்கூடிய ஒன்றையே அவருக்கு எதிரான சாட்சியாக்கினார்கள்.

வீடு திரும்பியவரை நலம் விசாரிக்க வந்த ராஜவேல், ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு, மருத்துவ அறிக்கையைக் கைபேசியில் படம் எடுத்துச் சென்றார். படத்தைப் பார்த்த மருந்துக் கடைக்காரர் ஹார்ட் ஃபெயிலியர் என்றாராம். அன்றே லாரி உரிமையாளர்களும் ஓட்டுநர்களும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில், டோமினிக்குக்கு இதயம் செயலிழக்கிறது, யாரும் அவரிடம் வண்டியைக் கொடுக்க வேண்டாம் என்று ராஜவேலின் குரல் ஒலித்தது.

உடல் தேறி வேலை கேட்டுப் போன இடமெல்லாம் அவரை மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். டீக்கடையில் மட்டும் ஒருவன் வெளிப்படையாகவே கேட்டான்: "ஏன் மாமா, சத்தமா ஆரன் அடிச்சா ஒங்களுக்கு ஆவாதாமே?"

டோமினிக் டீயைத் தொடாமல் எழுந்தார். மீண்டும் திருச்சிக்குப் போனார். மருத்துவர் அனிதா இதயத்தை ஸ்கேன் செய்து, அது சீராக இருக்கிறது, லாரி ஓட்டத் தடையில்லை என்றார். ராஜவேலுக்கும் அவரே தொலைபேசியில் விளக்கினார். எல்லாவற்றுக்கும் சரிங்க மேடம் என்றார் ராஜவேல்.

டோமினிக் நேரே லாரி ஷெட்டுக்குப் போனார். அவருடைய இருக்கையில் பிரேம்குமார் என்ற இளைஞன் இருந்தான்.

"இன்னும் கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்கண்ணே. ஒடம்புதானே முக்கியம்" என்றார் ராஜவேல்.

பிரேம்குமாரை எப்போது சேர்த்தாய் என்று டோமினிக் கேட்டார். பிரேம்குமார்தான் சொன்னான்: "நீங்க ஆஸ்பத்திரில கெடந்தப்பவே சேந்துட்டேங்க. நிரந்தரம்னுதான் சொன்னாரு."

அறிக்கை வீட்டுக்கு வருவதற்கு முன்பே ஆள் மாறிவிட்டது. இதய நோய் என்பது பிறகு கிடைத்த சாக்குதான்.

"ஆள மாத்திக்கிட்டது ஒன் இஷ்டம். அதுக்கு ஏன்டா என் நெஞ்சு மேல பழியப் போட்ட? இப்ப ஒருத்தனும் சாவியக் குடுக்க மாட்டேங்குறான். அதே குரூப்புல பேசு. நான் இங்கயே நிக்கிறேன்."

சுற்றிலும் ஓட்டுநர்கள் கூடிவிட்டார்கள். டோமினிக் அண்ணனுக்கு இதயம் நன்றாக இருப்பதாகவும், தான்தான் விசாரிக்காமல் சொல்லிவிட்டதாகவும் ராஜவேல் கைபேசியில் அதே குழுவில் பேசினார்.

"விசாரிக்காமன்னு சொன்னா பத்தாது. அதுக்கு முந்தியே ஆள மாத்திட்டேன்னும் சொல்லு."

அதையும் சொன்னார்.

அந்த வாரமே ஆலத்தியூர்ப் பக்கத்து உரிமையாளர் ஒருவர் டோமினிக்கைக் கூப்பிட்டார். இப்போது அவருடைய டிப்பரைத்தான் ஓட்டுகிறார். லாரிகளை நிறுக்கும் எடை மேடையில் எதிர்ப்படும்போது ராஜவேல் கையைத் தூக்குகிறார். டோமினிக் பதிலுக்குத் தூக்குவதில்லை. தூக்க வேண்டும் என்று நானும் சொல்ல மாட்டேன்.