மூண்டாவது கிடங்கு

பேய், முனி எண்டு ஆரும் கதை எடுத்தால் எழும்பித் தண்ணி குடிக்கப் போற ஆள் நான். இப்பவும் அப்பிடித்தான். சுடலை றோட்டால தனியப் போய் வந்திருக்கிறன், ஒரு நாளும் ஒண்டும் வந்து மறிச்சதில்லை. இதை நம்புறதும் விடுறதும் உங்கட பாடு, சிரிக்கிறதெண்டாலும் சிரியுங்கோ, ஆனா முடியும் மட்டும் கேட்டுப்போட்டுச் சிரியுங்கோ.

தொண்ணூற்றேழோ எட்டோ, மாரி காலம். நாங்கள் ஸ்கந்தபுரத்தில இருந்தனாங்கள், நான் சங்கக்கடையில வேலை. வன்னியில அப்ப கரண்ட் எண்டது மருந்துக்கும் இல்லை. என்ர மனுசி சாந்தியின்ர தம்பி வசந்தன் எங்களோடதான் இருந்தவன். என்ர கலியாணத்தில எனக்குக் கால் கழுவி மோதிரம் வாங்கின மச்சான். இடம்பெயரேக்க சனமெல்லாம் அரிசியும் பாயும் காவிக்கொண்டு வர, இவன் ஒரு ரீவி கேமையும் சின்னக் கறுப்பு வெள்ளை ரீவியையும் சைக்கிளில கட்டிக்கொண்டு வந்தவன். அதுக்குத் தமக்கையிட்ட வாங்கின ஏச்சு கொஞ்சநஞ்சமில்லை.

ஒரு பழைய உழவு மெசின் பற்றறி எங்களிட்ட இருந்தது. அதிலதான் ரேடியோ, அதிலதான் ரீவி, அதிலதான் கேம். பின்னேரச் செய்தி கேக்க அயலெல்லாம் எங்கட முத்தத்துக்கு வரும். அந்தப் பற்றறி இறங்கினால் மூண்டு மைல் தள்ளியிருக்கிற மில்லுக்குக் கொண்டு போகவேணும். மில்காரர் கிழமையில ரெண்டு நாள்தான் எஞ்சின் போடுவார், அண்டைக்கு விட்டால் சரி, நாலு நாளைக்கு வீடு ஊமைதான். இதை ஆர் காவுறது எண்டதுக்கு நாங்கள் ஒரு முறை வைச்சிருந்தம். ஓட்டப் போட்டியில தோக்கிறவர் காவ வேணும்.

ஓட்டப் போட்டி எண்டது அந்தக் கேமில வாற ஒரு கட்டம். கறுப்பு ஆள் நான், வெள்ளை ஆள் வசந்தன், ஆளுக்கொரு கட்டையில பொத்தானை அமத்தி ரெண்டு பேரும் ஒரே நேரம் ஓட வேணும், பாதையில மூண்டு கிடங்கு, பாய்ஞ்சு தாண்டிக் கொடிக்குப் போகவேணும். ஒருத்தரை ஒருத்தர் முட்டினால் முட்டுப்பட்டவர் பின்னால எத்துப்படுவார். மூண்டாவது கிடங்குதான் பொல்லாதது, அகலம். நான் அனேகமா அதுக்குள்ளதான் போவன். முப்பது வயசு ஆம்பிளையள் ரெண்டு பேர் குழந்தைப்பிள்ளையள் மாதிரி எண்டு சாந்தி பேசுவா, பேசிப்போட்டு ஆர் வெண்டது எண்டு எட்டிப் பாப்பா.

அண்டைக்கு விடியத் துடங்கின மழை மத்தியானமாகியும் விடேல்லை. பற்றறி இறங்கி ரீவிப் படம் ரெண்டு பக்கத்தாலயும் ஒடுங்கிப்போச்சு. அதோட கடைசியா ஒரு ஓட்டம் ஓடினம். அதுக்கு முதல் நாலு தரம் தொடர்ந்து நான்தான் தோத்துக் காவினனான், எனக்கு அண்டைக்குச் சளி வேற. சொல்ல வெக்கமாக் கிடக்கு. பற்றறி மேசைக்குக் கீழ, ரீவி வயர் கிளிப்பில கொளுவியிருக்கும், கேம் வயர் வேற. எப்பிடியோ முன்னுக்குப் போய் மூண்டாவது கிடங்கை நான் தாண்டிப்போட்டன். வசந்தன் பாயப் போற நேரம் கால் பெருவிரலால ரீவிக் கிளிப்பைத் தட்டிவிட்டன். படம் ஒருக்கா அணைஞ்சு வந்தது, அவ்வளவுதான், வெள்ளை ஆள் கிடங்குக்குள்ள.

"பற்றறி காலை வாரிப்போட்டுது அத்தான்" எண்டு சிரிச்சான் வசந்தன். எனக்கு முகத்தைப் பாக்கேலாமப் போச்சு.

மூண்டு மணி இருக்கும். பற்றறியை உரப்பையில சுத்தி, ரியூப் துண்டால கரியரில இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டான். "மழை விடட்டுமேடா" எண்டன். "எஞ்சினை நிப்பாட்டிப்போடுவாங்கள் அத்தான்" எண்டு ஏறி மிதிச்சான். நான் உள்ள வந்து கதிரையில இருந்தன். இருப்புக் கொள்ளேல்லை. இது என்ர முறை, நான் போக வேண்டிய பாதை எண்டு மனம் குத்திக்கொண்டே இருந்தது. கூப்பிட்டுச் சொல்லிப்போடலாம் எண்டு ரெண்டு தரம் எழும்பி, ரெண்டு தரமும் இருந்திட்டன்.

இருபது நிமிசம் போயிருக்கும். ரீவி எரிஞ்சுது.

பற்றறி வீட்டில இல்லை, வயர் ரெண்டும் மேசைக்குக் கீழ சும்மா தொங்குது, என்ர கண்ணால பாத்தனான். சத்தம் இல்லாமப் படம் மட்டும். அதே ஓட்டப் போட்டி. கறுப்பு ஆள் துடங்கின இடத்திலயே நிக்குது. வெள்ளை ஆள் தனிய ஓடுது, காத்துக்கு எதிராச் சைக்கிள் மிதிக்கிறவன் மாதிரிக் குனிஞ்சு, மெல்ல மெல்ல. முதலாவது கிடங்கு தாண்டிச்சுது. ரெண்டாவதும் தாண்டிச்சுது. மூண்டாவது கிடங்கு இருக்க வேண்டிய இடத்தில கிடங்கு இல்லை. நிலம் ஒரே மட்டமாக் கிடக்கு. ஆனா அது அங்க இருக்குதெண்டு எனக்குத் தெரியும், எத்தினை தரம் விழுந்த இடம், கண்ணை மூடிக்கொண்டு காட்டுவன். வெள்ளை ஆளுக்குத் தெரியேல்லை. பாயிற எண்ணமே இல்லாமல் நேர போகுது.

ஏனெண்டு கேக்காதேங்கோ, வசந்தன் அதுக்குள்ள போகப்போறான் எண்டு மட்டும் விளங்கீற்றுது. அவன்ர கட்டையை எடுத்து அமத்தினன், வெள்ளை ஆள் அதுக்குக் கேக்கேல்லை. என்ரயை எடுத்தன், கறுப்பு ஆள் ஓடிச்சுது. என்ர சீவியத்தில நான் அப்பிடி ஓடினதில்லை. விரல் நோக நோக அமத்திறன், ஒரு கிடங்கு, ரெண்டாவது கிடங்கு, எட்டிப் பிடிச்சு முட்டினன். வெள்ளை ஆள் பின்னால எத்துப்பட்டு விழுந்தது. வந்த வேகத்தில கறுப்பு ஆளுக்கு நிக்கேலாமப் போச்சு. அந்த மட்டமான நிலத்தில கால் வைச்சுது, அப்பிடியே கீழ போயிற்றுது. ரீவி அணைஞ்சுது.

"இஞ்சாருங்கோ, என்ன செய்யிறியள்?" எண்டு குசினி வாசலில சாந்தி. நான் கட்டையைக் கையில பிடிச்சபடி நிக்கிறன், உடம்பெல்லாம் வேர்வை. அவா அதில நிண்டு தேங்காய் துருவினவா, என்ர முதுகைத்தான் பாத்துக்கொண்டிருந்தவா, ரீவியைக் காணேல்லை. கட்டை அமத்திற சத்தம் மட்டும் கேட்டதாம். நான் ஒரு சொல்லும் கதைக்கேல்லையாம், ஒரு அடியும் அரக்கேல்லையாம். இதைச் சாந்தி இண்டைக்கும் சொல்லுவா, வேணுமெண்டால் கேட்டுப் பாருங்கோ.

கேற்றடிக்குப் போனன். விறாந்தைக் கூரை கேற் வரைக்கும் நீண்டிருந்ததால நனையேல்லை. அதுக்கு மேல போகக் கால் வரேல்லை, பயம். அரை மணித்தியாலம் அப்பிடியே நிண்டன். பிறகு வசந்தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வாறான், முழங்கால் உரஞ்சி ரத்தம், கரியரில பற்றறி வெடிச்சு அசிட் வடியுது. என்னைக் கண்டவுடன அப்பிடியே நிண்டிட்டான். திரும்பி வந்த றோட்டைப் பாக்கிறான், என்னைப் பாக்கிறான்.

"அத்தான், உங்கட சேட் நனையேல்லையே" எண்டான்.

வந்து என்ர கையைப் பிடிச்சுத் தடவிப் பாத்தான், பிறகு விம்மி விம்மி அழுதான். மில்லுக்குப் போற வழியில மதகடியில வழுக்கி விழுந்தனான், றோட்டுக்கு மேலால வெள்ளம் போகுது எண்டு மட்டும் சொன்னான். விழுந்த பயம் எண்டு நினைச்சன். அடுத்த நாள் தண்ணி வடியப் போய்ப் பாத்தால் மதகு இல்லை. அடியோட அள்ளுப்பட்டு ரெண்டு ஆள் ஆழத்துக்குக் கிடங்கு. மேலால மட்டமாத் தண்ணி நிண்டதில ஒருத்தருக்கும் தெரியேல்லை. இன்னும் ஒரு ஆள் நீளம் சைக்கிள் உருண்டிருந்தால் மச்சான் இல்லை.

ரீவியில கண்டதை நான் சொல்லேல்லை. சொன்னால் கிளிப்பைத் தட்டினதையும் சொல்ல வேணுமே. ஒருத்தருக்கும், சாந்திக்கும் சொல்லேல்லை. கேமை உரப்பையில கட்டிப் பரணில போட்டம், வசந்தனும் பிறகு கேக்கேல்லை.

ரெண்டு வருசத்தால அவனுக்கு வெளிநாடு சரிவந்தது. வவுனியாவுக்குப் போக வெளிக்கிடேக்க, பஸ்ஸடியில என்னை ஒரு பக்கமாக் கூட்டிக்கொண்டு போனான்.

"அத்தான், அண்டைக்குக் கிளிப்பைத் தட்டினதுக்கு நான் கோவிக்கேல்லை. மனசில வைச்சிருக்காதேங்கோ."

"ஆர் சொன்னது?" எண்டன்.

"நீங்கள்தான் சொன்னனீங்கள். மதகடியில பின்னால ஓடி வந்து என்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, கரியரில பிடிச்சு இழுத்து விழுத்தினனீங்கள். அழுதழுது சொன்னனீங்கள், கிளிப்பை நான்தான் தட்டினனான், இது என்ர முறை, நான் போறன் எண்டு. சொல்லிப்போட்டு நேர தண்ணிக்குள்ள இறங்கினனீங்கள். நீங்கள் அமிழ்ந்ததை நான் பாத்தனான் அத்தான். கத்தினன், மேல வரேல்லை. வீட்டை வந்தால் காய்ஞ்ச சேட்டோட கேற்றடியில நிக்கிறியள்."

பஸ் கோர்ண் அடிச்சுது. ஏறப் போனவன் திரும்பி வந்து, மெல்லமாக் கேட்டான்: "நீங்கள் எங்கட அத்தான்தானே?"

"விசர்க் கதை கதையாதை, போ" எண்டு சிரிச்சு அனுப்பினன்.

இப்ப அவனுக்குப் பிள்ளையளும் வளந்திட்டுது. மாசம் ஒருக்கா ரெலிபோன் எடுப்பான், பாசமாத்தான் கதைப்பான். ஆனா ஒவ்வொரு தரமும் பகிடி மாதிரி ஒரு கேள்வி கேப்பான், அந்த மழைக்கு முந்தின காலத்துக் கேள்வி. அத்தான், நாங்கள் முதல் வாங்கின சைக்கிள் என்ன நிறம், அத்தான், ஆரின்ர கிணத்தில வாளியை விட்டனாங்கள். ஏன் கேக்கிறான் எண்டு எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். நானும் பகிடியாவே சொல்லுவன், இத்தினை வருசமா ஒண்டும் பிழைச்சதில்லை.

போன மாசம் கேட்டான்: "அத்தான், கலியாணத்தண்டு உங்களுக்குக் கால் கழுவேக்க, குனிஞ்சு என்ர காதுக்குள்ள ஒண்டு சொன்னனீங்கள். என்ன அது?"

எவ்வளவோ யோசிச்சன். கால் கழுவினது ஞாபகம், தண்ணி குளிர்ந்தது ஞாபகம், மோதிரம் போட்டது ஞாபகம். காதுக்குள்ள சொன்னது மட்டும் வரேல்லை. வயசு போகுது, மறதி எண்டன். அவன் சரி அத்தான் எண்டு வைச்சிட்டான். இந்த மாசம் இன்னும் எடுக்கேல்லை.